பழைய காரும் பாலைவனமும்

உங்களிடம் ஒரு கேள்வி. வர்ணம் உரிந்த, விற்கப்போனால் பழைய இரும்பு விலைக்கு மட்டுமே போகக்கூடிய ஒரு மோட்டார் கார் இருக்கிறது. அதில் ஏறிச் சகாராப் பாலைவனத்தைக் கடந்து வரச் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா?

ஒப்புக்கொண்டவர்கள் உண்டு. 2002-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்த பங்குத் தரகர் ஒருவர் இப்படியொரு பயணத்துக்குத் திட்டமிட்டார். பிளிமத் நகரில் புறப்பட்டு, பிரான்ஸ், ஸ்பெயின், மொராக்கோ, மேற்கு சகாரா, மௌரிட்டானியா, செனெகல் வழியாகக் காம்பியா நாட்டின் தலைநகரான பாஞ்சூலை அடைய வேண்டும். ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர். காரின் விலை 100 பவுனுக்குள், அதைச் சீர்செய்யும் செலவு 15 பவுனுக்குள் என்பது விதி. 1978-இல் தொடங்கிய, பணம் தண்ணீராய்ச் செலவாகும் பாரிஸ்-டக்கார் பந்தயத்தைக் கேலி செய்வதுபோல் அமைந்த பயணம் இது. வென்றவருக்குப் பரிசு கிடையாது. ஓட்டிச் சென்ற காரை அங்கேயே விட்டுவிட வேண்டும். அதை ஏலம் விட்டு வரும் பணம் அந்நாட்டின் அறப்பணிகளுக்குச் சேரும்.

அந்தக் கிழட்டு வண்டிகளில் பல பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. இது எப்படி முடிந்தது? துணிச்சல் மட்டும் போதாது. அதற்கு முன் முக்கால் நூற்றாண்டுக்காலம் சிலர் மணலில் சிக்கிச் சிக்கிக் கற்ற பாடங்களும் அந்த வண்டிகளோடு சென்றன.

சகாராவை முதன்முதலில் மோட்டார் வண்டியில் கடந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1922 டிசம்பர் 17-இல் அல்ஜீரியாவின் துக்கூர்த்திலிருந்து புறப்பட்ட ஐந்து சித்ரோயன் வண்டிகள், 1923 ஜனவரி 7-இல் திம்பக்து நகரை அடைந்தன. ஆனால் அவை சாதாரண வண்டிகள் அல்ல. பின்சக்கரங்களுக்குப் பதிலாக இரப்பர்ப் பட்டைகள் பூட்டிய தனி வகை வண்டிகள். சாதாரணக் கார் மணலில் ஓடாது என்றே பலரும் நம்பினர்.

அந்த நம்பிக்கையை உடைத்தவர்களில் முக்கியமானவர் ரால்ஃப் பாக்னால்ட் (1896-1990). பிரிட்டிஷ் இராணுவப் பொறியாளரான இவர், 1920-களின் பிற்பகுதியில் எகிப்தில் பணியாற்றியபோது, விடுமுறை நாட்களில் நண்பர்களுடன் ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் புகுந்தார். அவர்கள் ஓட்டிய ‘மாடல் டி’ கார், ஒன்றரைக் கோடிக்குமேல் செய்து விற்கப்பட்ட, வெறும் 20 குதிரைத்திறன் கொண்ட எளிய வண்டி. பின்னர் 40 குதிரைத்திறன் கொண்ட ‘மாடல் ஏ’ வந்தது. பாலைவனம் அவர்களுக்கு மூன்று சிக்கல்களை வைத்தது.

முதல் சிக்கல்: புதைதல்

சக்கரம் மணலில் ஏன் புதைகிறது? எடை மட்டும் காரணமன்று. அந்த எடை எவ்வளவு பரப்பின்மேல் விழுகிறது என்பதே முக்கியம். ஒரு சிறு கணக்குப் போடுவோம். சுமையோடு 1,200 கிலோகிராம் உள்ள காரில் ஒவ்வொரு சக்கரமும் 300 கிலோகிராம் தாங்குகிறது. டயரிலுள்ள காற்றின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 2 கிலோகிராம் என்றால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 150 சதுர செ.மீ. (டயரின் விறைப்பை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.) காற்றைப் பாதியாகக் குறைத்தால் பரப்பு 300 சதுர செ.மீ. ஆகிறது; மணலின் மேலுள்ள அழுத்தம் பாதியாகிறது. ஒட்டகத்தின் அகன்ற பாதம் செய்யும் வேலையை இப்போது டயர் செய்கிறது! பாக்னால்ட் குழுவினர் டயர்க் காற்றைக் குறைத்து ஓட்டினர். அப்படியும் புதைந்தால், கெய்ரோவில் பழைய சாமான் கடையொன்றில் கிடைத்த எஃகுத் தகடுகளைச் சக்கரத்தின் கீழே செருகி வண்டியை மீட்டனர்.

இரண்டாம் சிக்கல்: தண்ணீர்

மணலில் திணறும் எஞ்சின் விரைவில் சூடேறும். ரேடியேட்டர் நீர் கொதித்து ஆவியாய் வெளியேறும். குடிக்கும் நீரைக் காருக்கு ஊற்றினால் மனிதன் என்ன செய்வான்? இதற்கு ஓர் எளிய உபாயம் இருந்தது. ரேடியேட்டரின் மூடியை இறுக அடைத்து, ஆவி வெளியேறும் குழாயை வண்டியின் பக்கத்தில் கட்டிய, பாதி நீருள்ள ஒரு தகர டப்பாவுக்குள் அமிழ்த்திவிடுவார்கள். ஆவி அந்த நீரில் குளிர்ந்து நீராகும். சிறிது நேரம் வண்டியைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்தினால், உள்ளே மீதமுள்ள ஆவியும் குளிர்ந்து நீராய்ச் சுருங்கும். அங்கே வெற்றிடம் உண்டாகும். உடனே வெளியேயுள்ள வளிமண்டல அழுத்தம் டப்பாவின் நீரைக் களகளவென்று ரேடியேட்டருக்கே திருப்பித் தள்ளிவிடும். பள்ளியில் தகர டப்பா நசுங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதே தத்துவம்தான்!

மூன்றாம் சிக்கல்: திசை

காரின் இரும்பு, காந்த ஊசியைத் தடுமாறச் செய்கிறது. எனவே பாக்னால்ட் சூரியத் திசைகாட்டியைக் கையாண்டார். ஒரு வட்டத்தட்டின் நடுவே செங்குத்தாக ஓர் ஊசி. அந்தந்த நேரத்துக்குரிய சூரியனின் திசைக்கேற்பத் தட்டைத் திருத்தி வைத்து, ஊசியின் நிழல் குறித்த கோட்டில் விழுமாறு வண்டியை ஓட்ட வேண்டும். இரவில் நட்சத்திரங்களை அளந்து, வானொலி தரும் நேரக்குறிப்போடு ஒப்பிட்டு, தாங்கள் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டனர்.

மணலே பாடநூல்

1929 முதல் அவர்கள் பெரு மணற்கடலுக்குள் நுழைந்தனர். ஒரு மணற்குன்றை நோக்கி மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர் வேகத்தில் பாக்னால்ட் காரைச் செலுத்தினார். வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். அதுவோ வழுவழுவென்று மேலேறிவிட்டது! காற்று வீசும் பக்கத்துச் சரிவில் மணல்மணிகள் இடைவிடாது மோதிப் படிவதால் அது இறுகிக் கிடக்கிறது. மறுபக்கத்து மணலோ, சரிந்து விழுந்த, பொலபொலப்பான மணல். முகடு தாண்டிக் கண்மூடிப் பாய்ந்தால் வண்டி தலைகுப்புற விழும்.

இந்த வேறுபாடு ஏன்? அவருடைய மனத்தில் இக்கேள்வி தங்கிவிட்டது. 1935-இல் இராணுவத்தை விட்டு விலகி, இலண்டனில் ஒரு காற்றுச் சுரங்கத்தை அமைத்து மணலைப் பறக்கவிட்டு ஆராய்ந்தார். மணல்மணிகள் தூசியைப்போல் மிதப்பதில்லை. தத்தித் தத்திக் குதிக்கின்றன. விழும் மணி மற்ற மணிகளைத் தெறிக்கச் செய்கிறது. வலுத்த காற்றின் வேகம் இரு மடங்கானால், அது கடத்தும் மணல் ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. இவற்றைத் தொகுத்து அவர் எழுதிய நூல் 1941-இல் வெளிவந்தது. செவ்வாய்க் கிரகத்து மணற்குன்றுகளை ஆராய்வோருக்கும் அது வழிகாட்டியாயிற்று. 2015-இல் ‘கியூரியாசிட்டி’ ஊர்தி அங்கே சென்றடைந்த குன்றுகளுக்குப் பாக்னால்ட் குன்றுகள் என்றே பெயர்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாலைவனத்தில் வண்டியோட்டும் இக்கலையை 1940-இல் போருக்கும் பயன்படுத்தினார்கள். பகைவர் எதிர்பாராத பாதையில் மணலைக் கடந்து தாக்கும் படையை அமைத்தவரும் பாக்னால்டுதான். அறுபது ஆண்டுகளுக்குப் பின் அதே கலை அறப்பணிக்கு உதவியது. மௌரிட்டானியாவில் தார்ச்சாலை முழுமை பெறாத காலத்தில் பிளிமத்திலிருந்து வந்தவர்கள் டயர்க் காற்றைக் குறைத்தார்கள். சக்கரத்துக்குத் தகடு செருகினார்கள். கடல்நீர் வற்றிய நேரம் பார்த்து ஈர மணலில் ஓட்டினார்கள். அறிவு ஒன்றுதான், அதை எதற்குப் பயன்படுத்துவது என்பது நம் கையில் இருக்கிறது.

அடுத்த முறை கடற்கரைக்குப் போனால், உலர்ந்த மணலில் உங்கள் சைக்கிளைத் தள்ளிப் பாருங்கள். பிறகு டயர்க் காற்றில் பாதியை இறக்கிவிட்டுத் தள்ளுங்கள். கடைசியாக அலை நனைத்த ஈர மணலில் தள்ளுங்கள். மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் கைகளே சொல்லும். திரும்பி வர, காற்றடிக்கும் பம்பை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள்!