வெறியாட்டும் விலங்கும்

உள்ளத்து நலிவுக்குத் தீர்வு தேடிய பண்டைய முறைகளுள் சங்க நூல்கள் காட்டுவது வெறியாட்டு. களவுக் காலத்தில் தலைவி மெலியத் தாயர் காரணம் அறியார். கட்டுவிச்சி நெற்கொண்டும், வேலன் கழங்கு கொண்டும் குறி பார்த்து, முருகனால் வந்தது என்பர். மனைக்கண் களம் இழைத்து, மறி அறுத்து, வேலன் வெறியாடுவான். தலைவியின் காதல் மெலிவு இன்று நாம் கூறும் உளநோயன்று. எனினும், காரணம் விளங்கா நலிவை அக்கால மக்கள் அணுகிய முறைக்கு இஃது ஒரு சான்றாகும்.

வெறிபாடிய காமக்கண்ணியார் அகநானூற்று 22ஆம் பாட்டில், வெறியயர்ந்த இரவில் தலைவன் வர, நலம் பெற்ற தலைவி வேலனை எண்ணி நகுதலைக் காட்டுகின்றார். சடங்கைப் பாடிய புலவரே அதன் பிழையையும் உணர்த்தியமை ஈண்டுக் கருதத்தக்கது.

பிற்காலத்தில் அடைத்து வைத்தலே பெருவழக்காயிற்று. சென்னையில் 1794இல் தோன்றிய காப்பகத்தின் பணி 1871இல் கீழ்ப்பாக்கத்திற்கு மாறிற்று. 1952இல் பாரிசில் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்து உளநோய்க்குப் பயன்படத் தொடங்கியபின், பலர் இல்லம் திரும்ப வழி பிறந்தது.

மருந்து வந்தும் விலங்கு அகலவில்லை. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்று தீப்பற்றியபோது, சங்கிலியிற் பிணிப்புண்டு தப்ப இயலாத 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டு உளநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலை முற்றும் விலக்கிற்று.

வெறியாட்டில் காரணம் பிறழ உணரப்பட்டது. ஆயினும் தலைவி தன் மனையில், தன் சுற்றத்தினிடையே இருந்தாள். ஏர்வாடியில் மாண்டோர்க்கு அதுவும் வாய்த்திலது.