வீட்டுக்குள் வந்த குளிர் யாருடையது?

எங்கட பக்கம் ஏசி எண்டா சுவரில தொங்கிற நீளமான வெள்ளைப் பெட்டிதான் நினைவுக்கு வரும். ஓர் அறைக்கு ஒண்டு. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் கதை வேற. அங்கே முழு வீட்டுக்கும் சேர்த்து ஒரே இயந்திரம் இருக்கும். அதை ‘ஏர் ஹாண்ட்லர்’ எண்டு சொல்லுவினம். அலுமாரி அளவு ஒடுக்கமான அறையிலோ, கூரைக்குக் கீழ உள்ள இடைவெளியிலோ, நிலக்கீழ் அறையிலோ அது மறைஞ்சு நிற்கும். குளிர்காலத்தில் சூடு, கோடையில் குளிர், இரண்டும் அதுக்குள்ளால்தான் வரும். அந்தப் பெட்டி எப்ப, எந்த வீடுகளுக்குள், யாருக்காகப் பொருத்தப்பட்டது எண்டதைத்தான் நாங்கள் இங்கே கதைக்கப்போறம்.

முதலில் அது என்ன செய்யுது எண்டு பார்ப்போம். பெட்டிக்குள் ஒரு வடிகட்டி, ஒரு பெரிய காற்றாடி, ஓர் உலோகச் சுருள் இருக்கும். வீட்டுக் காற்றை ஒரு குழாய்வழி உள்ளே இழுத்து, சுருளைத் தடவ விட்டு, வேறு குழாய்கள்வழி ஒவ்வோர் அறைக்கும் திருப்பி அனுப்பும். சுருளுக்குள் ஓடுற வாயு வீட்டின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியில் நிற்கிற இயந்திரத்துக்குப் போய் அங்கே விட்டுவிட்டு வரும். அந்த ஓட்டத்தைத் திருப்பிவிட்டால் வெளியில் உள்ள வெப்பம் உள்ளே வரும், வீடு சூடாகும். ‘ஹீட் பம்ப்’ எண்டு சொல்லுறது இதைத்தான்.

இதைப் பொருத்துறதில் பெட்டியைக் கொண்டுவந்து வைக்கிறது சின்ன வேலை. அதுக்கு முதல் வீட்டை அளக்க வேண்டும். எந்தப் பக்கம் வெயில், எத்தனை யன்னல், கூரைக்குக் கீழ வெப்பத் தடுப்பு இருக்கா எண்டு எல்லாம் பார்த்துத்தான் இயந்திரத்தின் அளவைத் தீர்மானிக்கலாம். பெரிசா வாங்கினால் நல்லது எண்டு நினைக்கத் தோன்றும். ஆனால் தேவையை விடப் பெரிய இயந்திரம் காற்றைச் சட்டெண்டு குளிராக்கிவிட்டு நிண்டுபோகும். காற்றில் உள்ள ஈரத்தை இழுக்க அதுக்கு நேரம் கிடைக்காது. வீடு குளிராயும் பிசுபிசுப்பாயும் இருக்கும். சுருளில் வடியிற தண்ணி வெளியேற ஒழுங்கான வழி வேண்டும். குழாய்களின் பொருத்துகளை வடிவா அடைக்க வேண்டும். சாதாரண அமெரிக்க வீடொன்றில் குழாய்க்குள் போற காற்றில் 20 முதல் 30 வீதம் ஒழுக்குகளால் வீணாகுது எண்டு அந்த நாட்டு அரசின் எரிசக்தித் திட்டமே சொல்லுது. காசு கட்டிக் குளிராக்கின காற்று, ஆருமே இல்லாத கூரை இடைவெளிக்குப் போகுது.

இந்த இயந்திரத்தின் அளவைச் சொல்லுற சொல்லிலேயே ஒரு வரலாறு கிடக்குது. ‘ஒரு டன் ஏசி’ எண்டு நாங்களும் சொல்லுறம். அது இயந்திரத்தின் பாரம் இல்லை. 2,000 இறாத்தல் பனிக்கட்டி 24 மணித்தியாலத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அதுதான் ஒரு டன். மணித்தியாலத்துக்கு 12,000 பிடியு எண்டு பெட்டியில் போட்டிருப்பதும் அதே கணக்குத்தான். 19 ஆம் நூற்றாண்டில் குளிர் எண்டது உறைந்த ஏரிகளில் வெட்டி எடுத்துக் கப்பலில் ஏற்றின சரக்கு. பொஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர் 1833 இல் கல்கத்தாவுக்குப் பனிக்கட்டி அனுப்பினார். மெட்ராஸ் கடற்கரையில் அவரது கம்பனி கட்டின ஐஸ் ஹவுஸ் இப்ப விவேகானந்தர் இல்லமாக நிற்குது. வாங்க வசதி உள்ளவருக்கு மட்டும் கிடைச்ச குளிர் அது.

அமெரிக்க வீடுகளுக்குள் குளிருக்கு முதல் வந்தது சூடு. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலக்கீழ் அறையில் நிலக்கரி எரிக்கிற பெரிய உலைகள் இருந்தன. சூடான காற்று தானாக மேலெழும் எண்டதை நம்பித்தான் அவை வேலை செய்தன. அதால் குழாய்கள் மிகப் பருமனாக, நாலு பக்கமும் கை நீட்டின மாதிரி மேலே போகும். 1930களில் மின் காற்றாடி அதோடு சேர்ந்தது. காற்றைத் தள்ள ஓர் இயந்திரம் கிடைச்சதும் குழாய்கள் மெலிஞ்சன, உலையும் நிலக்கீழ் அறையை விட்டு மேலே வரக்கூடியதாக இருந்தது. இதில் முக்கியமான விசயம் ஒண்டு இருக்குது. சூட்டுக்காகப் போட்ட அதே குழாய்க்குள் பிறகு ஒரு குளிர்ச் சுருளையும் வைக்கலாம். குளிருக்கு வழி வெட்டிக் குடுத்தது சூடு.

குளிராக்கும் தொழில்நுட்பம் மனிசருக்காக வந்ததும் இல்லை. 1902 இல் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரம் மாற மாறக் கடதாசி விரிஞ்சும் சுருங்கியும் நிறங்கள் ஒண்டோடொண்டு பொருந்தாமல் போயின. அந்தப் பிரச்சினைக்குத்தான் இளம் பொறியியலாளர் வில்லிஸ் கேரியர் தன் முதல் அமைப்பை வடிவமைச்சார். 1906 இல் ‘ஏர் கண்டிஷனிங்’ எண்ட சொல்லைப் பாவிச்ச ஸ்டூவர்ட் கிரேமர் நெசவாலைகளுக்கு வேலை செய்தவர். கடதாசிக்கும் நூலுக்கும் கிடைச்சது தொழிலாளிக்கும் பட்டுது எண்டால் அது தற்செயல்.

ஏசி பூட்டின முதல் வீடு எண்டு வழமையாகச் சொல்லப்படுவது 1914 அளவில் மினியாபொலிஸில் கட்டப்பட்ட சார்ள்ஸ் கேட்ஸ் எண்ட செல்வந்தரின் மாளிகை. அந்த இயந்திரம் 7 அடி உயரம், 20 அடி நீளம் எண்டு சொல்லப்படுது. வீடு முடிய முதலே, 1913 இல், கேட்ஸ் செத்துப்போனார். சாதாரண சனம் குளிர்க் காற்றை அனுபவிச்சது சினிமாக் கொட்டகைகளில்தான். 1925 இல் நியூயோர்க் ரிவோலி தியேட்டரில் கேரியரின் இயந்திரம் பூட்டப்பட்டது. டிக்கெட் காசுக்கு இரண்டு மணித்தியாலக் குளிர்.

வீட்டுக்குள் வர இன்னொரு தடை இருந்தது. அமோனியா, சல்பர் டையொக்சைட் மாதிரியான நச்சு வாயுக்களைத்தான் அப்ப குளிராக்கப் பாவிச்சார்கள். ஒழுகினால் ஆபத்து. 1928 இல் தோமஸ் மிட்ஜ்லியின் குழு உருவாக்கின, பிறகு ஃப்ரியோன் எண்டு பெயர்பெற்ற வாயு எரியாது, நஞ்சும் இல்லை. படுக்கையறைக்குப் பக்கத்தில் வைக்கலாம். அது ஓசோன் படலத்தை அரிக்குது எண்டு கண்டுபிடிச்சு, 1987 இல் மொன்ரியல் உடன்படிக்கை வர ஏறத்தாழ அறுபது வருசம் எடுத்தது.

இனி 1954 க்கு வருவோம். டெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்டின் நகரம், அலன்டேல் பகுதி. வீடு கட்டுவோரின் தேசியச் சங்கம் அங்கே 22 வீடுகளைக் கட்டுவித்து, எல்லாத்திலும் மத்திய ஏசி பூட்டியது. ‘குளிரூட்டப்பட்ட கிராமம்’ எண்டு பெயர். மாளிகைக்காரருக்கு மட்டும் இல்லை, நடுத்தர வர்க்கக் குடும்பத்துக்கும் இது கட்டுப்படியாகும் எண்டு காட்டுறதுதான் நோக்கம். வெவ்வேறு கம்பனிகளின் இயந்திரங்கள் பூட்டப்பட்டன. குடும்பங்கள் குடிவந்த பிறகு கரண்ட் செலவு, வீட்டு வாழ்க்கை எல்லாம் ஆராயப்பட்டன. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இதில் பங்கெடுத்தார்கள்.

அந்தக் காலத்தில் வீடு கட்டுவோர் வைச்ச வாதம் கேட்க நியாயமானது. ஏசி இருந்தால் விறாந்தை தேவையில்லை. உயர்ந்த கூரை தேவையில்லை. காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போக யன்னல்களை எதிரெதிராக வைக்கத் தேவையில்லை. அதில் மிச்சம் பிடிக்கிற காசில் இயந்திரத்தை வாங்கலாம். மிச்சத்தை வீட்டுக் கடனோடு சேர்த்து மாதாமாதம் கட்டலாம். கணக்குச் சரி. ஆனால் அந்தக் கணக்குக்குள் ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. முதல், வெக்கையைச் சமாளிக்கிற வேலையை வீட்டின் உருவமே செய்தது, அதுக்கு மாதாந்த பில் வராது. இப்ப அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. இயந்திரம் நிண்டால், கரண்ட் போனால், பில் கட்டக் காசு இல்லாவிட்டால், அந்த வீடு சூளைதான். விறாந்தையைத் திரும்ப ஒட்ட ஏலாது.

சரி, அந்த வீட்டுக் கடன் ஆருக்குக் கிடைச்சது? 1934 இல் உருவான மத்திய அரசின் வீடமைப்பு நிர்வாகம் கடன்களுக்குப் பிணை நிண்டது. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளை ஆபத்தான முதலீடு எண்டு ஒதுக்கியதும் அதே நிர்வாகம்தான். ஒஸ்டினில் 1928 ஆம் ஆண்டு நகரத் திட்டமே கறுப்பின மக்களைக் கிழக்குப் பக்கத்துக்கு ஒதுக்கச் சொன்னது. அலன்டேல் கிழக்குப் பக்கம் இல்லை. ஏசி வீடுகளை ஆராய்ந்த அதே டெக்சாஸ் பல்கலைக்கழகம் கறுப்பின இளமாணி மாணவர்களை அனுமதிச்சது 1956 இல்தான். நாங்களும் ஒரு கலைப்பீடத்தில் இருந்து வாசிக்கிற ஆக்கள் எண்டபடியால் இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைச்சுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சராசரிக் குடும்பத்துக்குக் குளிர் பொருந்துமா எண்டு அறிவியல் அளந்துகொண்டிருந்தபோது, சராசரி எண்ட சொல்லுக்குள் ஆர் வரலாம் எண்டது முதலே முடிவாகியிருந்தது.

அதுக்குப் பிறகு பரவல் வேகமாக நடந்தது. 1960 இல் அமெரிக்க வீடுகளில் ஏறத்தாழ 12 வீதத்தில்தான் ஏதோ ஒரு வகை ஏசி இருந்தது. 2020 இல் கிட்டத்தட்ட 88 வீதம். இந்த எண்ணைப் பார்த்து, கடைசியில் எல்லாருக்கும் கிடைச்சுதுதானே எண்டு ஆரும் கேட்கலாம். அதுக்குப் பதில் சிகாகோவில் இருக்குது. 1995 ஜூலையில் அங்கே வெப்பநிலை 41 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறினது. வழமையை விட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள் எண்டு பிறகு கணக்கிடப்பட்டது. சமூகவியலாளர் எரிக் கிளினென்பெர்க் அதைப் பற்றி 2002 இல் ஒரு நூலே எழுதினார். செத்தவர்களில் கனபேர் வயது போன, தனிய இருந்த, வசதி குறைஞ்ச ஆக்கள். களவுக்கும் வன்முறைக்கும் பயந்து யன்னலைப் பூட்டிக்கொண்டு இருந்தவர்களும் அதில் அடக்கம்.

அதே சிகாகோவில் செப்டெம்பர் நடுப்பகுதி முதல் ஜூன் 1 வரை வாடகை வீடுகளுக்குச் சூடு குடுக்க வேண்டியது சொந்தக்காரரின் சட்டக் கடமை. குளிருக்கு அப்படி ஒரு கடமை இருக்கவில்லை. 2022 மே மாதம் திடீரெண்டு வெக்கை ஏறினபோது, முதியோர் குடியிருப்பு ஒன்றில் சூடாக்கும் அமைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. ஜூன் வரை அதை நிற்பாட்டக் கூடாது எண்டு நிர்வாகம் சட்டத்தை விளங்கிக்கொண்டது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை எண்டு நகர நிர்வாகம் சொன்னது. மூண்டு பெண்கள் இறந்த பிறகுதான், அடுத்த மாதம், அப்படியான கட்டடங்களில் பொது இடங்களையாவது குளிராக வைச்சிருக்க வேண்டும் எண்டு நகரசபை சட்டம் போட்டது.

ஒரே பெட்டிக்குள்ளால் சூட்டையும் குளிரையும் அனுப்பலாம் எண்டு பொறியியல் எப்பவோ காட்டிவிட்டது. சட்டத்தின் கண்ணில் அவை இரண்டும் இன்னும் ஒண்டு இல்லை. சூடு இல்லாவிட்டால் ஆள் செத்துப்போகும் எண்டபடியால் அது உரிமை. குளிர் இல்லாவிட்டாலும் ஆள் செத்துப்போகும் எண்டதை ஏற்றுக்கொள்ள அந்த நாட்டுக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்குது. அந்தப் பெட்டி மாளிகையில் தொடங்கி, கடன் கிடைக்கிறவன் வீட்டுக்குப் போய், விலைக்கு வாங்கிற வசதி எண்டே வளர்ந்தது. அதை உரிமை எண்டு சொல்ல வைச்சது இறந்துபோன ஆக்கள்தான்.