இதய மேலறைப் படபடப்பு

இதய மேலறைப் படபடப்பு அல்லது ஏட்ரியல் ஃபிளட்டர் என்பது, இதயத்தின் மேலறைகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 முறை சீராகவும் மிக விரைவாகவும் துடிக்கும் இதயத் துடிப்புக் கோளாறு ஆகும். ஒழுங்கின்றித் துடிக்கும் மேலறைக் குறுநடுக்கத்தில் இருந்து இது வேறுபட்டது. வில்லியம் ஜாலி, வில்லியம் ரிட்சி ஆகியோர் 1911 ஆம் ஆண்டில் இதய மின்வரைவின் துணையுடன் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டினர்.

தோன்றும் விதம்

பொதுவான வகையில், வலது மேலறையில் மூவிதழ் வால்வைச் சுற்றி மின்னலை ஒன்று இடைவிடாது சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள ஏவி கணு, பெரும்பாலும் இரண்டு அலைகளில் ஒன்றை மட்டுமே கடத்துகிறது. எனவே கீழறைகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 முறை துடிக்கின்றன.

அறிகுறிகளும் கண்டறிதலும்

நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல், நெஞ்சுவலி ஆகியன ஏற்படலாம். சிலருக்கு அறிகுறி எதுவும் இராது. மின்வரைவின் இரண்டாம், மூன்றாம், ஏவிஎஃப் தடங்களில் ரம்பப் பற்களைப் போன்ற அலைகள் காணப்படும். நாடி விரைவாக இருக்கும்போது இவ்வலைகள் பிற அலைகளுக்குள் மறைந்துவிடுவதால், காய்ச்சல், நீரிழப்பு முதலியவற்றால் ஏற்படும் விரைவுத் துடிப்பு எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. அத்தகைய துடிப்பு, காரணம் நீங்க நீங்கப் படிப்படியாகக் குறையும். மேலறைப் படபடப்பிலோ வீதம் 150 அளவிலேயே மாறாது நிற்கும். இவ்வாறு நிலைத்து நிற்கும் வீதமே மருத்துவருக்கு முதல் குறிப்பு ஆகும். அடினோசின் ஊசி ஏவி கணுவைச் சில நொடிகள் தடுத்து, மறைந்துள்ள அலைகளை வெளிக்காட்டும். பொதுவாக அது இந்நோயை நிறுத்துவதில்லை.

அவசர சிகிச்சை

குருதியழுத்தம் வீழ்தல், நினைவு மங்குதல், நுரையீரலில் நீர் கோத்தல் ஆகியன இருப்பின், இதயத் துடிப்புடன் ஒத்திசைக்கப்பட்ட மின்னதிர்ச்சி உடனடியாக அளிக்கப்படுகிறது. நிலை சீராக உள்ளோருக்கு பீட்டா தடுப்பிகள் அல்லது டில்டியாசெம் மூலம் துடிப்பு வீதம் குறைக்கப்படுகிறது. இதயச் செயலிழப்பு உள்ளோருக்கு டில்டியாசெம் தவிர்க்கப்படுகிறது. ஃபிளெக்கனைடு போன்ற மருந்தைத் தனியே அளிப்பது ஆபத்தானது. அது மேலறை வீதத்தை 200 அளவுக்குக் குறைக்கும்போது, ஏவி கணு எல்லா அலைகளையும் கடத்திவிடக்கூடும். அதனால் நாடி முன்னிலும் விரைவாகும்.

மேலறையில் குருதி உறைந்து பக்கவாதம் ஏற்படலாம் என்பதால், உறைவெதிர்ப்பி மருந்தின் தேவை குறுநடுக்கத்தைப் போலவே மதிப்பிடப்படுகிறது. வடிகுழாய் வழியே மின்சுற்றுப் பாதையைச் சுட்டுத் துண்டிக்கும் சிகிச்சை, பொதுவான வகையில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெற்றி தருகிறது. எனினும் பின்னாளில் குறுநடுக்கம் தோன்றக்கூடும் என்பதால் தொடர்ந்த கண்காணிப்பு தேவைப்படுகிறது.