ஆயிரம் பவுண்ட் ஆல்ஃப் காமன்

ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர் சீசன்லயும் ஒரு பெரிய நம்பர் வரும், நாமளும் வாயைப் பிளப்போம். "ஒரு ஆளுக்கு இவ்வளவா?" இங்கிலாந்து இந்தக் கேள்வியை ரொம்ப சத்தமா கேட்ட வருஷம் 1905. கேட்க வெச்சவர் பேரு ஆல்ஃப் காமன்.

1880-ல சண்டர்லாந்துல பிறந்தவர். நல்லா கட்டுமஸ்தான உடம்பு, இடிச்சுத் தள்ளிட்டுப் போய் கோல் அடிக்கிற ஸ்ட்ரைக்கர். சொந்த ஊர் கிளப்புல ஆரம்பிச்சு, 1901-ல ஷெஃபீல்ட் யுனைடெட் போனார். அடுத்த வருஷமே எஃப்.ஏ. கப் ஃபைனல்ல கோல் போட்டார். அந்த மேட்ச் டிரா ஆகி, மறுபடி ஆடினதுல அவங்க டீம் கப்பை ஜெயிச்சது. 1904-ல திரும்பவும் சண்டர்லாந்து வந்தார்.

இந்தப் பக்கம் பக்கத்து ஊர் மிடில்ஸ்பரோவுக்கு நிலைமை மோசம். கிட்டத்தட்ட ரெண்டு வருஷமா வெளியூர்ல ஒரு லீக் மேட்ச் கூட ஜெயிக்கல. கீழ் டிவிஷனுக்குப் போயிடுவோமோங்கிற பயம். 1905 பிப்ரவரியில சண்டர்லாந்துக்கு 1,000 பவுண்ட் கொடுத்து காமனைத் தூக்கிட்டாங்க. ஒரு ஆட்டக்காரருக்கு அதுவரைக்கும் யாரும் கொடுக்காத தொகை. பத்திரிகைகள் கொதிச்சுப் போச்சு. "மனுஷனை மாட்டுச் சந்தையில விக்கிற மாதிரி விக்கிறதா?"ங்கிறதுதான் பேச்சு.

முதல் மேட்ச் எங்க தெரியுமா? அவரோட பழைய கிளப் ஷெஃபீல்ட் யுனைடெட் மைதானத்துல. பெனால்டி கிடைச்சது, காமன் அடிச்சார், 1-0. வெளியூர் வறட்சி முடிஞ்சது. சீசன் முடியும்போது 18 டீம்ல மிடில்ஸ்பரோ 15-வது இடம். போட்ட காசு வீண் போகல.

சரி, அந்த 1,000 பவுண்ட் யாருக்குப் போச்சு? முழுசும் சண்டர்லாந்து கிளப்புக்கு. 1901-லயே இங்கிலாந்து ஃபுட்பால்ல ஒரு ரூல் வந்துடுச்சு: எவ்வளவு பெரிய ஆட்டக்காரரா இருந்தாலும் அதிகபட்ச சம்பளம் வாரத்துக்கு 4 பவுண்ட். கணக்கு போட்டுப் பாருங்க. ஒருத்தர் அந்த உச்ச சம்பளத்தையே வாங்கினாலும் 1,000 பவுண்ட் சேர 250 வாரம், அதாவது கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் ஆகும்.

சம்பளம் பிடிக்கலன்னா வேற கிளப்புக்குப் போயிடலாமேன்னு தோணும். முடியாது. கான்ட்ராக்ட் முடிஞ்சாலும் ஆட்டக்காரரோட பதிவு கிளப் கையில. நோட்டீஸ் பீரியட் முடிஞ்சும் பழைய கம்பெனி ரிலீவிங் லெட்டரைப் பூட்டி வெச்சுக்கிட்டு, புது கம்பெனிகிட்ட அதுக்கு விலை பேசுற மாதிரி.

அப்போ எஃப்.ஏ. என்ன பண்ணுச்சு? 1908 ஜனவரியில டிரான்ஸ்ஃபர் தொகைக்கு 350 பவுண்ட்னு உச்சவரம்பு வெச்சது. சில மாசத்துலயே அதைக் கைவிட வேண்டியதாயிடுச்சு. ஆனா 4 பவுண்ட் சம்பள வரம்பை மட்டும் கைவிடல. மான்செஸ்டர்ல 1907 கடைசியில ஆட்டக்காரங்க யூனியன் ஆரம்பிச்சதுக்கு இந்த ரூல்கள்தான் பெரிய காரணம்.

காமன் 1910-ல ஆர்சனல், 1912-ல பிரஸ்டன்னு ஆடிட்டு, 1914-ல ஓய்வு பெற்றார். அப்புறம் டார்லிங்டன்ல ஒரு பப் நடத்தினார். 1946-ல இறந்தார். சம்பள உச்சவரம்பு ஒழிஞ்சது 1961-ல. கான்ட்ராக்ட் முடிஞ்சவரைப் பிடிச்சு வைக்கிற முறை நியாயமில்லைன்னு கோர்ட் சொன்னது 1963-ல. ரெண்டையும் பார்க்க அவர் இல்ல.

அடுத்த தடவை ஒரு டிரான்ஸ்ஃபர் தொகையைப் பார்த்தா, அதுல எவ்வளவு ஆடுறவர் கைக்குப் போகுதுன்னும் சேர்த்துப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!