ஹட்டன் கடைத்தெருவும் தகரப் பெட்டியும்

1884இல் ரயில் பாதை வந்து சேர்ந்த பின்னரே ஹட்டன் நகரம் தலையெடுத்தது. டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தோட்டங்களின் தேயிலை இங்கே ரயிலேறியது. அரிசியும் துணியும் இங்கே வந்திறங்கின. நிலையத்துக்கு அருகே நீண்ட பிரதான வீதியே தோட்ட மக்களுக்கு ‘டவுன்’.

எழுபதுகளின் பிற்பகுதியில், பள்ளிச் சிறுவனாக நான் அறிந்த அந்த வீதிக்கு மாதந்தோறும் ஒரு திருவிழா உண்டு. சம்பளத்தை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைதான் அது. ஜவுளிக்கடை, அடகுக்கடை, சாப்பாட்டுக்கடை யாவும் அந்த ஒரு நாளை நம்பியிருந்தன. மற்ற நாள்களில் வியாபாரம் கடன் கொப்பியிலேயே நடந்தது.

அந்த ஆண்டுகளில் இன்னொரு வியாபாரமும் அங்கே செழித்தது. அது பயண வியாபாரம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. 1973–74இல் தோட்டங்களில் நேர்ந்த பட்டினி, தயங்கி நின்ற பலரையும் புறப்பட வைத்தது.

தலைநகரங்களில் எழுதப்பட்ட இந்த எண்கள் எங்கள் கடைத்தெருவில் பொருள்களாக மாறின. கடவுச்சீட்டுப் படத்துக்காகக் குடும்பம் குடும்பமாக ஸ்டூடியோ வாசலில் நின்றார்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர்களுக்கு ஓய்வில்லை. தகரப் பெட்டிகள் கடை முன்னே அடுக்கடுக்காக நின்றன. வாங்கியதும் மூடியில் பெயரும் ஊரும் எழுதப்படும். அந்த ஊரைப் பார்த்தவர் பெரும்பாலும் அக்குடும்பத்தில் எவரும் இரார். ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம், பின்னர் மண்டபம் முகாம் என்று பயணம் நீளும்.

புறப்படுமுன் கடைக்கு வந்து கணக்குத் தீர்த்த குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். முதலாளி கொப்பியைப் பிரித்து, பெயரின்மீது ஒரு கோடு கிழிப்பார். பெட்டி விற்ற இலாபத்தைவிட அந்தக் கோட்டின் நட்டம் பெரிது என்பதை அவரும் அறிவார். தன் வாடிக்கையாளரை வழியனுப்பியே பிழைத்த வீதி அது.

1984இல் கப்பல் நின்றது. போகாமல் எஞ்சியவர்களின் நாடற்ற நிலைக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் முடிவு கண்டது. போனவர்களில் சிலர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தார்கள். ‘தாயகம் திரும்பியோர்’ என்று ஏடுகள் குறித்த அவர்களை, அக்கம்பக்கத்தார் ‘சிலோன்காரர்’ என்றே அழைத்தார்கள்.

கடன் கொப்பிகளை எவரும் காப்பகத்தில் சேர்த்ததில்லை. ஆனால் ஸ்டூடியோப் படங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்னும் தொலைவிலும் வீடுகளில் இருக்கக்கூடும். உங்கள் வீட்டில் ஒன்றிருந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோவின் முத்திரை இருந்தால் அதையும், படத்தில் உள்ளோர் பெயர்களையும், விட்டு வந்த தோட்டத்தையும் எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.