செல்லப்பிராணிகளுக்குக் கைவைத்தியம் பாதுகாப்பானதா?

மனிதருக்குப் பயன்படும் கைமருந்துகள் நாய், பூனைகளுக்கும் பொருந்தும் எனக் கருத வேண்டாம். அவற்றுள் சில உயிருக்கே ஆபத்தானவை.

தவிர்க்க வேண்டியவை

• வெங்காயம், பூண்டு: குடற்புழு நீங்கும், உண்ணி அண்டாது என்று நம்பிப் பலர் பூண்டு கொடுக்கின்றனர். பச்சையாகவோ, வேகவைத்தோ, பொடியாகவோ கொடுத்தாலும் இவை இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். அறிகுறிகள் சில நாட்கள் கழித்தே தோன்றலாம். பூனைகளுக்குப் பாதிப்பு அதிகம்.

• கற்பூரம் கலந்த எண்ணெய், தைலம்: உடலில் தடவியதைப் பிராணி நக்கி விழுங்கிவிடும். கற்பூரம் வலிப்பை உண்டாக்கக்கூடும்.

• பாராசிட்டமால்: பூனையின் கல்லீரலால் இம்மருந்தை முறையாக மாற்றி வெளியேற்ற இயலாது. ஒரு மாத்திரையே பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும்.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

ஈறு வெளுத்தல் அல்லது பழுப்பாதல், அடர்நிறச் சிறுநீர், மூச்சிரைப்பு, தொடர் வாந்தி, வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் கால்நடை மருத்துவரை அணுகவும். நச்சுப்பொருளை விழுங்கியது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். கொடுத்த பொருள், அளவு, நேரம் ஆகியவற்றை மறைக்காமல் கூறுங்கள். சிகிச்சை அதனைப் பொறுத்தே அமையும்.