கடல் கடந்து வந்த ஆசிரியர்களும் ஒரே உலைச் சோறும்

தறிக்கும் ஆலைக்கும் வயலுக்கும் சென்று அன்றாடக் கூலி பெறும் மக்கள், அக்கூலியில் ஒரு பங்கை ஒதுக்கி, பிள்ளைகளின் கல்விக்கென ஒரு சங்கத்தை 25 ஆண்டுகள் காத்து வந்திருப்பது எளிய செயலன்று. இவ்வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்க நிர்வாகிகள் பணித்தபோது, மன்னர்களின் வரலாற்றை எழுத எமக்கு மனம் வரவில்லை. ஆசிரியத் தொழிலில் காலங்கழித்த யாம், ஆசிரியர்களின் வரலாறு ஒன்றையே எழுதத் துணிந்தோம். தொலைநாடுகளிலிருந்து கப்பலேறி வந்து, தமிழ் மாணவர்களைக் கிறித்தவக் குருமார்களாகவும் உபதேசியார்களாகவும் பயிற்றுவித்தவர்களின் வரலாறு அது.

எந்தச் சமயத்திற்கும் பரிந்து பேசுவது எம் நோக்கமன்று. நம் சங்கத்தில் எல்லாச் சமயத்தாரும் உளர். எமது வினா ஒன்றே: அந்த வகுப்பறைக்குள் சாதி நுழைந்தபோது ஆசிரியர் என்ன செய்தார்?

தரங்கம்பாடி மணலில்

1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள், பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஐன்ரிக் புளுட்சோ என்னும் இரு செர்மானிய இளைஞர்கள் டென்மார்க்கு மன்னரால் அனுப்பப்பட்டுத் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்குக்கு அப்போது 24 வயது நிறையும் தறுவாய். கற்பிக்க வந்த அவர் முதலில் மாணவரானார். திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைப் பயின்றார். பின்னர் டேனியக் கோட்டை அதிகாரியாலேயே சிறையிடப்பட்டும் பணியை விட்டாரில்லை. தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சேற்றினார். 1716இல் உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுவிக்க ஒரு குருத்துவப் பயிற்சிப் பள்ளியையும் தொடங்கினார். 1719இல் 36ஆம் வயதிலேயே மறைந்தார்.

மாணவரின் மொழியைக் கல்லாதவன் அம்மாணவருக்கு ஆசிரியனாக இயலாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. எனினும் இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

மறுக்கப்பட்ட குருப்பட்டம்

1733ஆம் ஆண்டு திசம்பரில் ஆரோன் என்பவர் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தத் திருச்சபையில் இந்தியர் ஒருவர் குருவானது அதுவே முதன்முறை. அவர் வேளாளர் குலத்தில் பிறந்தவர். அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் இராசநாயக்கன் என்னும் உபதேசியார் அரும்பணி ஆற்றி வந்தார். அவர் தஞ்சை மன்னரின் படையில் வீரராய் இருந்தவர். தமிழ்ப் புதிய ஏற்பாட்டைத் தாமே படித்து உணர்ந்து அப்பணிக்கு வந்தவர். பறையர் குலத்தில் பிறந்தவர். இரண்டாவது தமிழ்க் குருவைத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்தபோது அவருடைய தகுதியை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அவர் கையினின்று திருவிருந்து அப்பத்தை மேல்குலத்துக் கிறித்தவர் பெறமாட்டார் என்று மிஷனரிகள் அஞ்சினர். 1741இல் தியாகோ என்பவருக்கே அப்பட்டம் அளிக்கப்பட்டது. இராசநாயக்கன் தம் வாழ்நாள் முழுதும் உபதேசியாராகவே உழைத்து மறைந்தார்.

இதனைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. கடலைக் கடந்தவர்களால் ஒரு தெருவைக் கடக்க இயலவில்லை! கல்வியைக் கொடுத்தவர்கள், அக்கல்விக்குரிய இடத்தைக் கொடுக்கத் தயங்கினர். அவர்கள் கெட்டவர்களல்லர்; அஞ்சியவர்கள். நல்லவரின் அச்சமும் அநீதிக்குத் துணைபோகும் என்பதே இங்கு நாம் பெறும் முதற்பாடம்.

சமையலறையில் நடந்த தேர்வு

சாதியை இனித் திருச்சபையில் அறவே விலக்க வேண்டுமெனக் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் பிறவிடங்களிலும் பலர் அதனை எதிர்த்துச் சபையினின்று விலகி நின்றனர்.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் 1823இல் நிறுவிய செமினரி 1855 வரை நடைபெற்றது. அதன் தலைவராய் விளங்கிய டேனியல் பூவர் தமிழறிந்த பேராசிரியர். கணிதமும் வானியலும் அறிவியலும் அங்குக் கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் அங்குப் பயின்றவர்களே. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த தாமோதரம் பிள்ளைக்குத் தமிழுலகம் கடன்பட்டுள்ளது. ஆயினும் அங்குப் பயின்றோர் பெரும்பாலும் மேல்குலத்தவரே என்பதையும் மறத்தலாகாது.

அதே அமெரிக்க மிஷன் மதுரை நாட்டில் 1842இல் திருமங்கலத்தில் ஒரு செமினரியைத் தொடங்கி, 1845இல் பசுமலைக்கு மாற்றியது. அதன் தலைவர் வில்லியம் டிரேசி. 1847இல் அந்த மிஷன் உறுதியானதொரு முடிவை மேற்கொண்டது. சாதியை விட்டொழித்தவர்களே பணியிலும் சபையிலும் நீடிக்கலாம் என்றது. எவர் சமைத்தாலும் உடன் அமர்ந்து உண்பதே அதற்குத் தேர்வு. உபதேசியார்களும் மாணவர்களும் பலர் உண்ண மறுத்து வெளியேறினர். பல்லாண்டுகள் அரும்பாடுபட்டுச் சேர்த்த மாணவர்கள் கண்முன்னே எழுந்து போவதைக் காண்பது ஓர் ஆசிரியருக்கு எத்துணை வேதனை என்பதை யாம் அறிவோம். ஆயினும் அவர்கள் பின்வாங்கவில்லை. தரங்கம்பாடியில் அச்சம் வென்ற இடத்தில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்துப் பசுமலையில் துணிவு வென்றது. செமினரியும் அழிந்துவிடவில்லை. அப்பசுமலையில் 1881இல் தோன்றிய கல்லூரியே இன்று மதுரை மாநகரில் அமெரிக்கன் கல்லூரியாக ஓங்கி நிற்கிறது.

நம் ஆற்றுக்கு அக்கரையில்

இவையெல்லாம் எங்கோ நிகழ்ந்தவை என நினைத்தல் வேண்டா. இலண்டன் மிஷன் 1827இல் சேலத்தில் பணி தொடங்கியது. பள்ளிபாளையத்துப் பாலத்தைக் கடந்தால் ஈரோடு. அங்கு அம்மிஷனைச் சார்ந்த பிரப் பாதிரியாரின் பெயரால் ஆலயம் இன்றும் உள்ளது. அவருடன் பணியாற்றிய பாப்லி பாதிரியார் தமிழிசையை முறையாகப் பயின்று இந்திய இசை பற்றி நூல் எழுதினார். 1931இல் திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் தந்தார். தரங்கம்பாடி மணலில் தொடங்கிய மரபு காவிரிக் கரையிலும் தொடர்ந்தது.

அரசரடியில் ஒரு புதுத்திருப்பம்

1969இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி உருவாயிற்று. தமிழே அங்குப் பயிற்று மொழி. மாணவர்கள் வகுப்பறையில் மட்டும் கற்றால் போதாதென, சேரிகளிலும் குடிசைப் பகுதிகளிலும் தங்கிக் கற்குமாறு அனுப்பப்பட்டனர். செர்மனியில் பிறந்த கேப்ரியேல் டீட்ரிச் அம்மையார் அங்குப் பேராசிரியராகப் பணியாற்றியதோடு, உழைக்கும் பெண்களின் உரிமை இயக்கத்திலும் ஈடுபட்டார்.

அதே கல்லூரியில் ஆசிரியராக விளங்கியவர் தியோபிலஸ் அப்பாவு. தாழ்த்தப்பட்ட சமுதாயத்தில் பிறந்த அவர், ‘பரட்டை’ என்னும் பெயர் பூண்டு, கிராமத்து மெட்டுகளில் பாடல் புனைந்து, பறையையும் வழிபாட்டுக்குக் கொணர்ந்தார். ‘ஒரே உலை’ என்பது அவர் வலியுறுத்திய கருத்து. எல்லாரும் ஒரே உலையில் பொங்கி ஒருங்கே உண்ணும் சமுதாயமே இறைவன் விரும்பும் சமுதாயம் என்றார். 2005இல் அவர் மறைந்தார். சென்னைக் குருகுல இறையியல் கல்லூரியில் 1987இல் தலித் இறையியலுக்கெனத் தனித்துறை ஒன்று அமைந்தது. அரவிந்த் நிர்மல் அதன் தலைவரானார்.

எண்ணிப் பாருங்கள்: குருப்பட்டத்திற்குத் தகுதியற்றவர் என ஒதுக்கப்பட்ட குலத்தின் பிள்ளைகள், குருமார்களுக்கே ஆசிரியராயினர். இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

நாம் செய்ய வேண்டியது

வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. யாம் பணியாற்றிய ஓர் ஊரில், நம் சமுதாயத்து அம்மையார் சத்துணவு சமைக்க வந்தபோது, சில பெற்றோர் தம் பிள்ளைகளை வீட்டுச் சோறு கொண்டுபோகச் செய்தனர். பசுமலைத் தேர்வு மீண்டும் எம்முன் வந்து நின்றது. யாமும் உடன் பணியாற்றிய ஆசிரியர்களும் நாள்தோறும் அப்பிள்ளைகளின் வரிசையில் அமர்ந்து அவ்வம்மையார் இட்ட சோற்றையே உண்டோம். சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. சில மாதங்களில் தூக்குச்சட்டிகள் குறைந்தன. ஆண்டிறுதியில் ஒன்றும் இல்லை.

இளைஞர்களே! படித்துப் பணிக்குச் சென்றவுடன் நம் தெருவை மறந்துவிடாதீர்கள். சீகன்பால்கைப் போல மாணவனின் மொழியில் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். பசுமலையாரைப் போல, இழப்பு நேரினும் நியாயத்தில் உறுதியாய் நில்லுங்கள். சங்கத்தின் மாலை வகுப்பில் உங்கள் பக்கத்தில் அமரும் சிறுவனிடம், பாடத்தோடு, அவன் வீட்டு நிலையையும் கேளுங்கள். அவனுள் ஓர் இராசநாயக்கன் இருக்கலாம். அவன் தகுதியை உணர்ந்து அவனுக்குரிய இடத்தைப் பெற்றுத் தருவதே ஆசிரியரின் கடன். அக்கடனை நம் சங்கம் பொன்விழாவிலும் தொடர்ந்து ஆற்றுக என வாழ்த்துகிறோம்.